'வெறும் கற்பனை' என்போருக்கு

தமிழில் ஒரு சொல்லைச் சிறுமைப்படுத்த வேண்டுமானால் அதற்கு முன்னால் 'வெறும்' என்று சேர்த்தால் போதும். வெறும் பேச்சு, வெறும் சடங்கு, வெறும் சோறு. 'கற்பனை' என்னும் சொல்லுக்கு அந்த அடைமொழிகூட இப்போது தேவைப்படுவதில்லை. "அதெல்லாம் கற்பனை" என்று ஒருவர் சொன்னால் "அதெல்லாம் பொய்" என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்கிறார். தம்மைப் பற்றி வந்த செய்தியை மறுக்க விரும்பும் அரசியல்வாதி அதனைக் 'கற்பனைச் செய்தி' என்கிறார். மறுபுறம், நாவலாசிரியர் தம் நூலின் முதற்பக்கத்தில் கதையும் மாந்தரும் முழுக்கக் கற்பனையே என்று, கையொப்பமிடாத குறையாக, உறுதியளிக்கிறார். முன்னது குற்றச்சாட்டு, பின்னது வாக்குமூலம். இரண்டிலும் சொல்லுக்குக் கொள்ளப்படும் பொருள் ஒன்றே: நடக்காதது, இல்லாதது, பொருட்படுத்தத் தேவையில்லாதது.

இந்தப் பொருளைத் தாங்கிப் பிடிப்பவர்கள் இரு திறத்தார். முதல் திறத்தார் யதார்த்தத்தின் காவலர்கள். இலக்கியம் வாழ்க்கையை உள்ளவாறு காட்ட வேண்டும், கற்பனை சேர்ந்தால் அது கலப்படம் என்பது அவர்கள் கட்சி. இரண்டாம் திறத்தார் தூய சொற்களின் காவலர்கள். கற்பனை வடசொல், அதனால்தான் அதில் பொய்யின் வாடை வீசுகிறது, 'புனைவு' என்று எழுதிவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்பது அவர்கள் கட்சி. வேறெதிலும் ஒத்துப்போகாத இவ்விரு திறத்தாரும் ஒரு வரையறையில் மட்டும் கைகோத்துக்கொள்கிறார்கள். கற்பனை என்றால் இல்லாததைச் சொல்வது என்பதே அது. அந்த வரையறையைத்தான் இங்கே மறுக்க முற்படுகிறேன். அது சொல்லின் பிறப்புக்கும் முரணானது, நம் இலக்கண மரபுக்கும் முரணானது. அவற்றைவிட முக்கியமாக, எழுதுகிறவனை எதிராளியின் கையில் ஒப்படைத்துவிடுகிற வரையறை அது.

*

முதலில் பிறப்பு. கற்பனை என்பது 'கல்பனா' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அல்பம் அற்பமாவதும், சில்பம் சிற்பமாவதும், சங்கல்பம் சங்கற்பமாவதும் எந்த நெறியிலோ அந்த நெறியிலேயே கல்பனா கற்பனையாயிற்று. இச்சொல்லைக் 'கல்' என்னும் தமிழ் வேரிலிருந்து, கற்றல், கற்பித்தல் என்பவற்றோடு சேர்த்துப் பிறப்பிக்க முயல்வோரும் உண்டு. ஒலியொப்புமை அங்கே மயக்குகிறது. அற்பத்தையும் சிற்பத்தையும் அருகே வைத்து நோக்கினால் சொல் வந்த வழி தெளிவாகவே தெரிகிறது. வடசொல் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வரும்போது எதைச் சுமந்து வந்தது என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

அதன் வேர் 'க்லுப்'. ஒழுங்குபடுதல், பொருந்துதல், ஏற்றதாய் அமைதல், அமைத்தல் என்பன அவ்வேரின் பொருள்கள். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், படைப்போன் ஞாயிற்றையும் திங்களையும் முன்பிருந்தவாறே அமைத்தான் என்று கூறுமிடத்தில் வரும் வினை இவ்வேரில் பிறந்தது. ஞாயிறும் திங்களும் பொய் என்று அந்தக் கவி கருதியிருக்க முடியாது. வேதாங்கங்கள் ஆறனுள் ஒன்றுக்குக் 'கல்பம்' என்று பெயர். வேள்வி செய்யும் முறையை வகுத்துரைப்பது அது. வேள்வி மேடையைக் கயிற்றால் அளந்து செங்கல் அடுக்கும் கணக்கைக் கூறும் சுல்ப சூத்திரங்கள் அதன் ஒரு பகுதி. 'கல்பனீ' என்றால் கத்தரிக்கோல். 'கல்பகன்' என்றால் முடிதிருத்துபவன். பாலி மொழியில் அவனே 'கப்பகன்'. கண்டபடி வளர்ந்ததை வெட்டி வடிவுக்குக் கொண்டுவருபவன் என்பது கருத்து. அளவு கயிறும் செங்கல்லும் கத்தரிக்கோலுமாகக் கைவேலைக்காரர்களின் நடுவில் வளர்ந்த சொல் இது.

இக்குடும்பத்தைச் சேர்ந்த வேறு சொற்களும் தமிழுக்கு வந்துள்ளன. உடலைச் செப்பம் செய்து நீடிக்க வைக்கும் சித்த மருந்து கற்பம். காயகற்பம் என்பதும் அதுவே. நினைத்ததை ஆக்கித் தரும் மரம் கற்பகம். செய்து முடிப்பேன் என்று உள்ளத்தில் உறுதி பூணுவது சங்கற்பம். ஒன்றைப் பலவாக வகுப்பது விகற்பம். யாப்பு படித்தவர்கள் வெண்பாவை எதுகை நோக்கி ஒரு விகற்பம், இரு விகற்பம், பல விகற்பம் என்று பிரிப்பதை அறிவார்கள். இவற்றுள் எந்தச் சொல்லிலாவது பொய்யின் நிழல் படிந்திருக்கிறதா?

அது மட்டுமன்று. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இறைவன் மோசேயிடம் கொடுத்தவை 'பத்துக் கற்பனைகள்'. கற்பனைகளைக் கைக்கொள்ளுதல் என்பது கிறித்தவத் தமிழில் நன்கு பழகிய தொடர். இங்கே கற்பனை என்றால் கட்டளை, வகுத்துரைத்த நெறி. கற்பித்தல் என்னும் தமிழ்வினையின் சாயலும் இதில் கலந்திருக்கலாம். எவ்வாறாயினும், கொலை செய்யாதிருக்கச் சொல்லும் ஒரு கட்டளையைக் கற்பனை என்று அழைத்தவர்களின் காதில் அச்சொல் பொய் என்று ஒலித்திருக்க வாய்ப்பில்லை.

இன்னும் அண்மையான சான்று வேண்டுவோர் கச்சேரிக்குப் போகலாம். முன்பே இயற்றப்பட்ட கீர்த்தனை முதலியவற்றைக் 'கல்பித சங்கீதம்' என்பார்கள். அவ்வப்போது மேடையிலேயே பிறப்பது 'கற்பனை ஸ்வரம்'. இரண்டும் ஒரே வேர். கற்பனை ஸ்வரம் பாடுபவர் தம் மனம்போன போக்கில் பாடிவிட முடியாது. ராகத்தின் இலக்கணம் ஒருபுறம், தாளத்தின் கணக்கு மறுபுறம். எவ்வளவு தூரம் சென்றாலும் பல்லவியின் எடுப்புக்கு இம்மி பிசகாமல் வந்து சேர வேண்டும். அப்படி வந்து சேர்ந்தால்தான் சபை தலையசைக்கும். "இது கற்பனை ஸ்வரம்தானே, பொய்தானே" என்று எந்த ரசிகரும் எழுந்து போனதில்லை. கட்டுப்பாட்டுக்குள் நின்று புதியதோர் ஒழுங்கை ஆக்குவதே கற்பனை என்பதை இசைவாணர்கள் மறக்கவில்லை. மறந்தவர்கள் எழுத்தைப் பற்றிப் பேசும் நாம்தான்.

*

எதிர்த்தரப்பினர் இவ்விடத்தில் நியாயமான தடை ஒன்றை எழுப்பலாம். வேர் எதுவாயினும், வடமொழித் தத்துவவாதிகளே கற்பனையைப் பொய்யின் பக்கம் தள்ளிவிட்டார்களே? கயிற்றில் பாம்பும் இப்பியில் வெள்ளியும் கற்பிதம் என்று வேதாந்திகள் சொல்லவில்லையா? நிர்விகற்பம் உயர்ந்தது, சவிகற்பம் தாழ்ந்தது என்று கொண்டவர்கள் இல்லையா?

உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் எந்தப் பொருளில் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவர் பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகர். காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு அவரைக் குறிப்பிடும். காட்சி என்னும் அளவை கற்பனை நீங்கியது என்பது அவர் முடிபு. அவ்வாறாயின் கற்பனை எது? கண்டதன்மேல் பெயர், சாதி முதலியவற்றைப் பொருத்துவது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவைகளை விளக்கும்போது, நாமம், சாதி, குணம், கிரியை ஆகியவற்றைக் காட்சியிலிருந்து விலக்கி வைப்பதும் இதுபற்றியே. கண்ணில் படுவது ஏதோ ஒன்று. அதனைப் 'பசு' என்று சொன்னால் சாதி வந்துவிட்டது. 'வெள்ளைப் பசு' என்றால் குணம் வந்துவிட்டது. 'மேய்கிற பசு' என்றால் கிரியை வந்துவிட்டது. இவை யாவும் கற்பனையே.

இந்த வரையறையை ஏற்பவர்கள் அதன் முடிவையும் சேர்த்தே ஏற்க வேண்டும். நாவல் மட்டும் இதன்படி கற்பனையாகாது. வட்டாட்சியரின் அறிக்கை கற்பனை. நாளிதழின் தலைப்புச் செய்தி கற்பனை. நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்லும் சாட்சியமும் கற்பனை. பெயரும் வகையும் இல்லாமல் எவராலும் ஒரு வாக்கியத்தைக்கூடச் சொல்ல முடியாது. திக்நாகர் கற்பனையைப் பொய்பேசுதல் என்று இழித்துரைக்கவில்லை. மனித அறிவு உலகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முறை அது என்றார். அந்தப் பிடிக்கு அப்பால் ஒன்று உண்டு என்று தேடியவர் அவர். அவருடைய துறவுநிலையைக் கடன் வாங்கிவந்து, உலகியலில் மூழ்கிக் கிடக்கும் நாம் நாவலாசிரியனை மட்டும் பொய்யன் என்பது எந்த நியாயம்?

*

இனி, தூய சொற்களின் காவலர்களிடம் வருகிறேன். புனைவு நல்ல சொல். அதன்மேல் எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. மாலை புனைவது, ஓவியத்தில் வண்ணம் தீட்டுவது, கவி புனைவது எல்லாம் ஒரே வினை. வண்ணம் தீட்டாத வெறும் கோட்டுச் சித்திரத்தை நெடுநல்வாடை 'புனையா ஓவியம்' என்னும். நூலின் முகப்பில் நிற்கும் பாயிரத்துக்கு நன்னூல் தரும் பெயர்களுள் ஒன்று 'புனைந்துரை'. ஆக்குவதும் அழகுசெய்வதும் ஒருங்கே அமைந்த சொல் இது.

ஆனால் கற்பனையைப் பீடித்த நோய் புனைவைப் பீடிக்காது என்று எண்ணுவது வெகுளித்தனம். பீடித்து நெடுநாள் ஆகிறது. 'புனைசுருட்டு' என்றால் மோசடி. 'புனையப்பட்ட வழக்கு' என்றால் பொய்வழக்கு. புனைவு மட்டுமா? தமிழில் ஆக்குதலைக் குறிக்கும் வினைகளில் எத்தனை இந்த வழியில் சறுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். வீடு கட்டுகிறோம், பாட்டுக் கட்டுகிறோம். ஆனால் 'கட்டுக்கதை' பொய், 'இட்டுக்கட்டுதல்' பெரும்பொய். தேரைச் சோடிக்கிறோம், அம்மனைச் சோடிக்கிறோம். 'ஜோடிக்கப்பட்ட வழக்கு' என்றால் காவல்துறை செய்த சூது. பஞ்சைத் திரித்தால் நூல், நாரைத் திரித்தால் கயிறு. ஒருவன் 'கயிறு திரிக்கிறான்' என்றால் அவன் புளுகுகிறான். நெல்லை அளக்கலாம், கதையை 'அளந்தால்' யாரும் நம்பமாட்டார்கள்.

பாவனைக்கும் இதே கதிதான். ஆகச்செய்தல், உளதாக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். விடம் தீர்ப்பவன் தன்னைக் கருடனாகப் பாவிப்பதைச் சைவ சித்தாந்த நூல்கள் எடுத்துக்காட்டாகக் கூறும். அந்தப் பாவனையால் விடம் இறங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு. பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர் பாவனையாளர். தமிழகத்தில் நாமோ பாவனை என்றால் பாசாங்கு என்று கொள்கிறோம்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விபத்தும் அன்று. ஆங்கிலத்தில் கதையிலக்கியத்தைக் குறிக்கும் 'ஃபிக்‌ஷன்', களிமண்ணைப் பிசைந்து உருவாக்குதல் என்னும் பொருளுடைய 'ஃபிங்கெரே' என்ற இலத்தீன் வினையில் பிறந்தது. இன்று அதுவே உண்மைக்கு எதிர்ச்சொல். 'ஃபேப்ரிகேட்' என்பதன் மூலத்தில் இருப்பவன் 'ஃபேபர்' என்னும் கைவினைஞன். இன்று அச்சொல்லுக்குப் பட்டறையில் ஒரு பொருள், காவல் நிலையத்தில் இன்னொரு பொருள். கொல்லனின் உலைக்களத்தைக் குறிக்கும் 'ஃபோர்ஜ்' கள்ளக் கையெழுத்துக்குப் பெயராயிற்று. செய்தவனை நம்பாதே என்னும் ஐயம் மனித மொழிகளுக்குள் ஊறிக் கிடக்கிறது போலும். கையில் கிடைத்தது இயற்கை, செய்து தந்தது சூழ்ச்சி என்பது ஒரு பழைய அச்சம்.

ஆகவே சொல்லை மாற்றினால் நோய் போகாது. கற்பனையை விரட்டிவிட்டுப் புனைவை அமர்த்துங்கள். இன்னும் சில ஆண்டுகளில் "அதெல்லாம் வெறும் புனைவு" என்பார்கள். இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

*

யதார்த்தத்தின் காவலர்களுக்கு இன்னொரு செய்தி சொல்ல வேண்டும். அவர்கள் கற்பனையைச் சிறுமைப்படுத்தும்போது தமிழ்ச்சொல்லின் பொருளை வைத்துப் பேசுவதில்லை. கல்லூரிப் பாடநூலில் வந்து இறங்கிய மேலைச் சொற்களின் பொருளை வைத்துப் பேசுகிறார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள்: 'இமாஜினேஷன்', 'ஃபேன்ஸி'. முன்னது 'இமாகோ' என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. இமாகோ என்றால் உருவம், பிரதிமை. பின்னது 'ஃபேன்டஸி' என்பதன் குறுக்கம். அதன் மூலம் 'ஃபன்டாசியா' என்னும் கிரேக்கச் சொல். தோன்றுதல் என்னும் வினையில் பிறந்தது. அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் அதனை ஒளியைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புபடுத்துகிறார்; ஒளியின்றிக் காண முடியாது என்பதால். ஆக இரண்டு சொற்களும் கண்ணைச் சார்ந்தவை. ஒன்று பிரதி, மற்றது தோற்றம். பிரதி என்றால் மூலத்தைவிடக் குறைந்தது, தோற்றம் என்றால் உண்மையைவிடக் குறைந்தது என்னும் எண்ணம் அவற்றோடு ஒட்டியே வரும். அங்கே கற்பனைக்கு இழுக்கு வந்ததில் வியப்பில்லை.

நெடுங்காலம் இரண்டும் ஏறத்தாழ ஒருபொருட் பன்மொழியாகவே அங்கு வழங்கின. 1817-இல் வெளியான 'பயகிராஃபியா லிட்டரேரியா' என்னும் நூலில் கோல்ரிட்ஜ் இவற்றைத் தீர்மானமாகப் பிரித்தார். ஃபேன்ஸி என்பது நினைவில் ஏற்கெனவே முடிந்த உருவில் கிடக்கும் பொருள்களை எடுத்து இடம் மாற்றி அடுக்குவது. இமாஜினேஷனோ அவற்றைக் கரைத்து, கலந்து, புதிய ஒருமையாக ஆக்குவது. இது எல்லோரும் தேர்வுக்குப் படிப்பது. படிக்காமல் விடுவது அடுத்த செய்தியை. இந்த ஆற்றலைச் சொல்ல 'இமாஜினேஷன்' என்னும் சொல் கோல்ரிட்ஜுக்கே போதவில்லை. ஒன்றாக உருவாக்குதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து 'எசெம்பிளாஸ்டிக்' என்று ஒரு புதுச்சொல்லையே அவர் படைத்து, 13-ஆம் இயலின் தலைப்பிலும் வைத்தார். பார்த்தலைக் குறித்த சொல்லுக்குள் ஆக்குதலைப் புகுத்த அவர் அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. அந்தப் புதுச்சொல் பொதுவழக்கில் நிலைக்கவில்லை.

அவர் தேடிய பொருள் நம் சொல்லின் வேரிலேயே இருந்தது. அமைத்தல், பொருத்துதல், ஒழுங்குக்குக் கொண்டுவருதல். ஆனால் நாம் என்ன செய்தோம்? ஆங்கிலச் சொல்லுக்கு நேராகக் கற்பனையை எழுதிவைத்து, பின்பு ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளையே கற்பனைக்கு ஏற்றிவிட்டோம். மனக்கண்ணில் இல்லாததைக் காண்பது கற்பனை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். உணர்ச்சி, கற்பனை, கருத்து, வடிவம் என்று இலக்கியத்தின் கூறுகளை நான்காக்கி, கற்பனையைப் படைப்புக் கற்பனை, இயைபுக் கற்பனை, கருத்து விளக்கக் கற்பனை என்று மூன்றாக்கி மனப்பாடம் செய்ய வைத்தோம். அந்த மூன்றும் வின்செஸ்டர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1899-இல் வெளியிட்ட திறனாய்வு நூலின் பகுப்பு. கடன் வாங்குவது தவறன்று. வீட்டில் இருக்கும் பண்டத்தை அடகு வைத்து அதைவிடக் குறைந்த பண்டத்தைக் கடன் வாங்குவதுதான் தவறு.

*

வீட்டில் வேறு என்ன இருந்தது? தொல்காப்பியர் உலகியல் வழக்கு, நாடக வழக்கு என இரண்டு கூறி, இரண்டும் கலந்த இடத்தில் புலனெறி வழக்கம் பிறக்கிறது என்றார். உலகில் உள்ளது ஒன்று, புலவர் அமைத்துக்கொள்வது ஒன்று. இரண்டும் கூடினால் அகப்பாடல். நடந்ததா நடக்கவில்லையா என்னும் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. இறையனார் களவியலின் உரைகாரர் இன்னும் துணிந்தவர். அகப்பொருள் ஒழுக்கம் உலகத்தில் இல்லாதது. ஆயினும் இனியது, நல்லது. ஆதலின் புலவர்கள் அதனை நாட்டினார்கள் என்னும் கருத்தை அவர் வெளிப்படையாகவே உரைத்தார். இல்லாதது என்று ஒப்புக்கொண்ட கையோடு, நல்லது என்றும் சொல்ல அவருக்கு நா எழுந்தது. நமக்கு எழுவதில்லை.

தொல்காப்பியரே ஓரிடத்தில் பொய்ம்மொழி என்றிருக்கிறாரே என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். செய்யுளியலில் உரைநடை வகை நான்கனைக் கூறும்போது, உலகில் நிகழ்ந்த பொருள் இன்றி வரும் பொய்ம்மொழியை ஒரு வகையாக வைக்கிறார். ஒரு யானையும் ஒரு குருவியும் நட்புக்கொண்டு இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்பது போன்ற கதையை உரையாசிரியர் அதற்கு எடுத்துக்காட்டாகத் தருவார். அங்கே பொய் என்பது வகைப்பெயர், வசைப்பெயர் ஆகாது. நகைமொழிக்குப் பக்கத்தில், உரைநடையின் உரிமை பெற்ற உறுப்பினராக அது அமர்ந்திருக்கிறது. யானையும் குருவியும் நட்பாடியதற்குச் சான்று எங்கே என்று எந்த உரையாசிரியரும் வினவவில்லை.

கோல்ரிட்ஜ் ஃபேன்ஸி என்று ஒதுக்கிவைத்ததற்கு ஓரளவு நெருங்கிய சொல்லும் நம்மிடம் உண்டு: தற்குறிப்பேற்றம். தன் குறிப்பை ஏற்றிச் சொல்லுதல். காற்றில் இயல்பாக அசையும் மதுரைக் கொடிகளில் 'வராதீர்கள்' என்று மறித்துக் கைகாட்டும் குறிப்பை இளங்கோவடிகள் ஏற்றுவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தப் பெயரின் நேர்மையைக் கவனியுங்கள். குறிப்பு கவிஞனுடையது, கொடியுடையது ஆகாது என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது. கேட்பவன் ஏமாற இடமே இல்லை. ஏமாற்றும் எண்ணம் இல்லாத இடத்தில் பொய் என்னும் சொல்லுக்கு என்ன வேலை? உலகத்தில் நிகழ்ந்ததோடு ஒத்துப்போகாதது வேறு. கேட்பவனை ஏய்க்கச் சொல்வது வேறு. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பவர்களுக்கு உவமையணியும் கள்ள நோட்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

*

சொல்லாராய்ச்சியாக இது முடிந்துவிட்டால் யாருக்கும் தலைபோகிற காரியம் இல்லை. ஆனால் தலைபோகிற காரியமாக இது மாறியதை நாம் பார்த்திருக்கிறோம்.

'இக்கதையில் வரும் பெயர்களும் நிகழ்ச்சிகளும் கற்பனையே' என்னும் வாசகம் எப்படிப் பிறந்தது? ரஸ்புடினைப் பற்றி எம்.ஜி.எம். நிறுவனம் 1932-இல் ஒரு படம் வெளியிட்டது. அதில் வரும் இளவரசி தம்மையே குறிப்பதாகவும், அது தமக்கு இழுக்கு என்றும் ரஸ்புடின் கொலையில் பங்கேற்ற இளவரசர் யூசுபோவின் மனைவி இரினா லண்டனில் வழக்குத் தொடுத்தார். 1934-இல் வென்று 25,000 பவுன் இழப்பீடும் பெற்றார். மாந்தருள் சிலர் இன்னும் உயிரோடிருப்பதாகப் படமே தொடக்கத்தில் பெருமையடித்துக்கொண்டது நிறுவனத்துக்கு வினையாயிற்று. அதன் பின்னர்தான் எல்லாம் கற்பனையே என்னும் அறிவிப்பு படங்களின் நிரந்தரச் சடங்காயிற்று. வழக்கறிஞர்கள் தந்த கவசம் அது. அதனை அவர்கள் தரவில்லை என்றால் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதன் தமிழாக்கத்தை நாம் இலக்கியக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டோம்.

அந்தக் கவசம் எவ்வளவு மெல்லியது என்று பெருமாள்முருகன் விஷயத்தில் தெரிந்தது. 2010-இல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவலுக்கு 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவில் அவர் எழுதியது போன்ற வழக்கம் இருந்ததில்லை, இருந்தது என்றால் சான்று காட்டு என்பது எதிர்த்தவர்களின் வாதம். அவரைக் காக்க வந்தவர்களில் ஒரு சாரார் சான்று தேடப் போனார்கள். இன்னொரு சாரார் "கற்பனைதானே, விட்டுவிடுங்கள்" என்றார்கள். இந்த இரண்டாவது வாதம்தான் என்னை மிகவும் உறுத்தியது. கற்பனை என்றால் பொய் என்று எதிராளி கருதுகிறான். அவனிடம் போய் "இது கற்பனைதான்" என்பது "ஆம், எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறான்" என்று ஒப்புக்கொள்வதாகத்தானே அவன் காதில் விழும்? உண்மை என்றால் இழிவுபடுத்தினாய், கற்பனை என்றால் அவதூறு செய்தாய். இரண்டு வாயிலும் அடைபட்டுவிட்டன. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், நூலுக்கு எதிரான கோரிக்கைகளைத் தள்ளியது. அதிகாரிகள் நடத்திய அமைதிக் கூட்டத்தில் அவரிடம் எழுதி வாங்கியது அவரைக் கட்டுப்படுத்தாது என்றும் தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் எழுத வந்தார். நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. வாசகர்களாகிய நாம் நம் கடமையைச் செய்தோமா? குழந்தையில்லாத கணவனும் மனைவியும் ஊராரின் வாய்க்கு அஞ்சி மெல்ல மெல்ல எந்த விளிம்புக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பதை அந்நாவல் அமைத்துக் காட்டுகிறது. அந்த அமைப்பு பொருந்தியிருக்கிறதா, காளியும் பொன்னாவும் தம் இயல்பின்படி நடக்கிறார்களா, தேர்த்திருவிழா இரவுக்குக் கதை வந்து சேரும்போது எடுப்புத் தவறாமல் சேர்கிறதா? கற்பனை என்னும் சொல்லின் பொருள் தெரிந்தவர்கள் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டிருப்பார்கள். தவறியிருந்தால் தவறியது என்று கடுமையாகவே சொல்லியிருக்கலாம். கற்பனைக்கும் பொறுப்பு உண்டு. அது ஆக்கியவன் தன் ஆக்கத்துக்கு ஏற்கும் பொறுப்பு. கட்டிய வீடு நிற்கிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் நிலத்துக்குப் பட்டா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

*

ஒரு மொழி முதிர முதிர, ஒருபொருட் பன்மொழியாகக் கிடக்கும் சொற்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிவேலை கொடுக்கும் என்பார் கோல்ரிட்ஜ். அவரிடமிருந்து கடன் வாங்குவதானால் இதை வாங்கலாம். ஏய்க்கச் சொல்வதற்குப் பொய், புளுகு, புனைசுருட்டு என்று வேண்டிய சொற்கள் இருக்கின்றன. அரசியல்வாதிகள் தாராளமாக அவற்றை எடுத்துக்கொள்ளட்டும். ஆக்கி முடித்த பொருளுக்குப் புனைவு இருக்கட்டும். இயற்கைமேல் கவிஞன் தன் மனத்தை ஏற்றும் அழகுக்குத் தற்குறிப்பேற்றம் இருக்கட்டும். சிதறிக் கிடக்கும் வாழ்க்கையை அளந்து, வெட்டி, பொருத்தி, இதுவரை இல்லாத ஓர் ஒழுங்கை அதிலிருந்து எழுப்பும் ஆற்றலுக்குக் கற்பனை என்னும் பழைய பெயரே நிற்கட்டும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சட்டத்துக்காக அந்த அறிவிப்பைப் போட வேண்டியிருந்தால் போடுங்கள். 'கற்பனையே' என்பதில் உள்ள அந்த ஏகாரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்பது அந்த ஓரெழுத்துத்தான்.